தமிழ் நூலுக்கு ரோமன் பூட்டா?

தமிழ்ப் புத்தகத்தைத் தமிழெழுத்தில் தேடக்கூடாதென்று எந்தப் புத்தகசாலையும் சட்டம் செய்யவில்லை. ஆனால், உலகின் பெரிய புத்தகசாலைகள் பலவற்றின் கணினிப் பட்டியல் காரியத்தில் அதையே செய்கிறது. அங்கே தமிழ்நூற் பதிவுகள் பல ரோமன் எழுத்தில் மட்டுமே உள்ளன. திருக்குறளை நாம் வழக்கம்போல் ‘டி’, ‘எச்’ இட்டுத் தொடங்குவோம். பட்டியலோ ‘எச்’ இன்றி, றகரத்துக்குக் கீழ்க்கோடும் ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளியும் இட்டு வைத்திருக்கும். ஆயர் ஈத்தாமில் ஆங்கிலம் கற்று உத்தியோகம் பார்க்கும் நமக்கே இது புதிரென்றால், தமிழ்ப் பள்ளியில் பயின்ற தோட்டத்து மாணவன் என்செய்வான்? நூல் அலமாரியிலிருக்க, ‘இல்லை’யென்று திரும்புவான்!

1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த கணினிப் பதிவுமுறையின் பழைய எழுத்துத் தொகுதியில் பின்னர்ச் சீனமும் அரபும் ஹீப்ருவும் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. அன்று அது மெய்யான தடை. 1991-லேயே யூனிக்கோடில் தமிழ் ஏறிவிட்டது. ஒரே பதிவில் ரோமன் வரியையும் தமிழ் வரியையும் இணைத்துவைக்க வழியும் உண்டு. இனியும் யந்திரத்தின்மேல் பழிபோடுவது வெறுஞ்சாக்கு.

உலகப் பொதுமுறை குலையுமென்பர் சிலர். ரோமனை அழிக்கவா சொன்னோம்? தமிழையும் சேர்க்கவே சொல்கிறோம். வாசகனின் நேரத்தைக் காப்பாற்று என்பது, சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதன்றோ?

தோழர்களே! கைபேசியில் இன்று தமிழில் எழுதுகிறோம். நீங்கள் செல்லும் நூல்நிலையத்தின் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே இட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையாயின், அதன் அதிகாரிகளுக்கு எழுதிக் கேளுங்கள். கேளாதவரையில் பூட்டுத் திறவாது.