விரைவோட்டம் வேண்டுமா?

ஸ்ரீபெரும்புதூர் என்ற மாத்திரத்தில் இராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே முன்னாளில் எவருக்கும் நினைவில் எழும். இக்காலத்திலோ அப்பெயருடன் கைப்பேசியும் மோட்டார் வண்டியும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. 2006-இல் அங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. எனினும் கைப்பேசித் தொழில் அப்பகுதியை விட்டு அகன்றிலது. 2019 முதல் ஐபோன்களும் அப்பக்கத்து ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் உருவாகி வருகின்றன. கைப்பேசி செய்யும் நாட்டில் கைப்பேசியால் விளையாடுவோரும் மிகுதல் இயல்பே. ஒரகடத்தில் வேலை முடித்த இளைஞரும் எம் விடுதி மாணவரும் இரவுதோறும் ஒரே களத்தில் சந்திக்கின்றனர். அது துப்பாக்கி விளையாட்டுக் களம்.

இவ்விளையாட்டுகளைக் குறித்து நெடுநாளாக நிகழ்ந்துவரும் வாதம் ஒன்றுண்டு. ஆடுவோன் தன் கண்வழியே களத்தைக் கண்டு சுடும் விளையாட்டுகளில், ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் விரைவோட்டம் தனியே வேண்டுமா, வேண்டாவா என்பதே அது. ஒரு பொத்தானை அழுத்தினால் விரைந்து ஓடலாம். ஆனால் ஓடும்வரை சுடவியலாது. ஓட்டத்தை நிறுத்திய பின்னும் துப்பாக்கி உயர ஒரு கணம் செல்லும். சிறிய விஷயமெனச் சிலர் நகைக்கலாம். மனிதர் ஓய்வுநேரத்தை எதில் செலவிடுகின்றனரோ அது சிறிதாகாது என்பதே எம் கருத்து.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1993-இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டில் ஓட்டமும் சுடுதலும் ஒருங்கே நிகழ்ந்தன, ஓடுவோன் களைப்பதுமில்லை. 2007-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி 4’ பெரும்புகழ் எய்தியபின், கையைத் தாழ்த்தி ஓடும் முறையே எங்கும் பரவலாயிற்று. 2001-இல் விரைவோட்டம் இன்றியே தோன்றிய ‘ஹேலோ’, 2012-இல் வந்த தன் நான்காம் பாகத்தில் அதனை எல்லார்க்கும் வழங்கியது. பழைய அன்பர்கள் வெகுண்டனர். 2015-இல் வந்த ஐந்தாம் பாகத்தில், ஓடுங்கால் கேடயம் மீளாது என விதித்தனர். 2021-இல் வந்த ‘ஹேலோ இன்ஃபினிட்’டில் ஓட்டத்தை நீக்காமல், நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேற்றுமையைக் குறைத்தனர். படைத்தவர்களே இருபது ஆண்டு இங்ஙனம் அலைந்தனரெனின், வினா எளிதன்று என்பது தெளிவு.

விரைவோட்டம் வேண்டுமென்போர் கூறுவன மூன்று. மெய்யான போர்வீரன் ஓடிக்கொண்டே குறிபார்க்க மாட்டான் என்பது முதலாவது. ஓட்டம் உடலின் கனத்தையும் அச்சத்தையும் ஆடுவோனுக்கு உணர்த்துகிறது என்பது இரண்டாவது. தப்பவும் துணைக்கு விரையவும் வழி தருகிறது என்பது மூன்றாவது. இவற்றை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு கணக்கைக் கேளுங்கள். பத்து விநாடியில் நடந்து கடக்கத்தக்க கூடம் ஒன்று உளது எனக் கொள்வோம். ஓட்டம் நடையினும் ஒன்றரை மடங்கு விரைவு என வைத்து, அதற்கேற்பக் கூடத்தையும் ஒன்றரை மடங்கு நீட்டுகின்றனர். இப்போது ஓடுவோன் அதே பத்து விநாடியில் மறுகோடி சேர்கிறான். நடப்போனுக்குப் பதினைந்து விநாடி ஆகிறது. விரைவு எங்கே கூடிற்று? ஓடுவோன் கையிழந்தான், நடப்போன் காலமிழந்தான். லாபம் அடைந்தவர் ஒருவருமிலர்.

களம் மெய்யாகவே பெரிதாயின் வேறு பேச்சு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அது 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் பெயருடன் வந்து, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டது. அதன் எராங்கல் என்னும் களம் எட்டுக் கிலோமீட்டர் நீளமும் அத்துணை அகலமும் உடையது. சுருங்கிவரும் வட்டத்தினுள் நூறு பேர் ஒதுங்கவேண்டிய அவ்வெளியில், ஓட்டமின்றி ஆட்டமில்லை. அங்கே ஓடுவோனது காலடி ஓசை பகைவன் செவிக்கு எட்டும். ஆதலின் ஓடுவதா, பதுங்கி நடப்பதா என்னும் தேர்வு உண்மையானது.

அண்மையில், ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் அன்பர் எம்முடன் வேறொரு விளையாட்டை ஆடினார். ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸில் அறை சேர்ந்து, குளித்து உண்டபின் அவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதிற் பெரும்பகுதி வெறுங்கூடங்களில் ஓடுவதிலேயே கழிந்தது. ஒரு வாயிலைத் திரும்பியதும், ஓடிவந்த அவரது துப்பாக்கி உயருமுன்னரே சுடப்பட்டார். “தோற்றதற்கு வருந்தவில்லை, எதிரியைக் கண்டும் கை எழாமல் நின்றேனே, அதற்கே வருந்துகிறேன்” என்றார். நாள்முழுதும் பிறர் வகுத்த வேகத்துக்குக் கையை ஈடுகொடுத்தவர், தமக்கென்று எஞ்சிய நேரத்திலேனும் தம் கை தம்வசம் இருக்க வேண்டுமென விழைவது நியாயமன்றோ?

இதற்கு மாற்று உண்டா எனில், உண்டு. 1999-இல் தோன்றிய ‘கவுண்டர்-ஸ்டிரைக்’கிலும், 2020-இல் வந்த ‘வேலரண்ட்’டிலும் தனி விரைவோட்டம் இல்லை. துப்பாக்கியை விடுத்துக் கத்தியை ஏந்தினால் விரைவு கூடும். பொத்தானை அழுத்தினாலோ ஓசையின்றி மெல்ல நடக்கலாம். அஃதாவது, பிற இடத்தில் விரைவுக்குள்ள பொத்தான் இங்கே நிதானத்துக்கு உளது. ஓடிக்கொண்டே சுடுவதையும் எவரும் தடுப்பதில்லை; சுட்டால் குண்டு குறிதவறும். நின்று சுட்டவனே வெல்வான். விரைவுக்கு இங்கும் விலையுண்டு. அவ்விலையை எப்போது கொடுப்பது என்னும் உரிமை மட்டும் ஆடுவோனிடமே விடப்பட்டுள்ளது.

இவ்வேற்றுமையை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டா. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நடைபெற்றுவரும் மோட்டார்ப் பந்தயத் தடத்தின் சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். நேர்ப்பாதையில் எவனும் விரையலாம். வளைவில் எங்கே பிரேக் மிதிப்பது என்று அறிந்தவனே முந்துகிறான். விரைவு மிகுந்தால் சக்கரம் பிடிப்பிழக்கும் என்பது இயற்கை விதித்த விலை. விரையும்போது ஓட்டுநன் கையினின்று திசைச்சக்கரத்தையே பறித்துக்கொள்ளும் பந்தயம் இருப்பின், அதனைத் திறமைக்களம் என்று யார் கூறுவர்?

ஆகவே யாம் விரைவோட்டத்தை முற்றும் விலக்குக என்று கூறும் கட்சியைச் சார்ந்தோமல்லோம். பரந்த வெளியில் அஃது இருக்கட்டும். சிறு கூடங்களில், களத்தை நீட்டி அந்நீளத்தைக் கடக்கவென்றே ஓட்டத்தைத் தருவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். விரைவுக்கு விலை வைக்கலாம். ஆடுவோன் கையைக் கட்டலாகாது. நம் மாணவருள் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளைப் படைக்கும் தொழிலிற் புகக்கூடும். அவர்கள் கூடம் ஒன்றை வரையுங்கால், வேலை முடிந்து ஒரு மணி நேரமே உடைய அவ்வன்பரை நினைவிற் கொண்டு, அதன் நீளத்தை அளப்பாராக.