யாரு எடுக்கப் போறா?

கொஞ்சம் நீளமான பதிவு. பைக் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த பையன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை வைக்க நாகூரிலிருந்து வந்தான். யாரென்று உங்களில் சிலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம். வாசலில் வண்டியை நிறுத்தி ஹேண்டில் லாக் போட்டான். பிறகு பையிலிருந்து சங்கிலியை எடுத்தான். நான் திண்ணையில் இருந்தபடி, "எங்க தெருவுல யாருடா எடுக்கப் போறா, உள்ள வா" என்றேன். வாத்தியார் சொல்லைத் தட்டாத பிள்ளை. சங்கிலியைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். காபி, பழைய கதை, அரை மணி நேரம். வெளியே வந்தால் வண்டி இல்லை. மீதிப் பத்திரிகைகள் இருந்த பையும் வண்டியோடு போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? ஹேண்டில் பாரின் முனை, நடுத்தண்டிலிருந்து சுமார் ஒரு அடி தள்ளி இருக்கிறது. உள்ளே அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டுக் கம்பியோ நடுத்தண்டிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம்தான். வெளியே கொடுக்கும் விசை அந்தக் கம்பியின் மேல் பல மடங்காக விழும். நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கை ஒருவன் காலால் ஒரு உதை விட்டு நிரூபித்துவிட்டுப் போகிறான். ஹேண்டில் லாக் என்பது பூட்டிய மாதிரி ஒரு திருப்தி, அவ்வளவுதான். போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொரு பூட்டு வேண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற பூட்டாக. சங்கிலியைச் சக்கரத்துக்குள் மட்டும் விட்டுப் பயனில்லை. சாதாரண பைக் 110, 120 கிலோதான். இரண்டு பேர் தூக்கி மினி வேனில் வைத்துவிடலாம். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, கம்பத்திலோ கிரில்லிலோ கட்டுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் கீழே கல்லை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. டிஸ்க் லாக் போடுபவர்கள் ஹேண்டிலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டுங்கள், மறந்து வண்டியைக் கிளப்பி நீங்களே விழாமல் இருக்க. என் பழைய வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிடுவேன். எடுத்தவன் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுவான். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் அந்த டேப்பே கிடையாது.

நம் ஊர் நல்ல ஊர்தான். நான் சொன்ன வார்த்தையும் ஊர்ப் பெருமையில் வந்ததுதான். எந்த சைக்கிள் யாருடையது என்று தெருவுக்கே தெரிந்த காலத்து வார்த்தை அது. இன்று சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டம், மாங்கனித் திருவிழாக் கூட்டம், சரக்கு வாங்க வருகிற கூட்டம் என்று எத்தனை வண்டிகள்! பி.ஒய்.02-க்குப் பக்கத்தில் டி.என்.51 நிற்பது நமக்கு அதிசயமே இல்லை. யார் எதைத் தள்ளிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டோம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர், வடக்கே பூவம், மேற்கே அம்பகரத்தூர், எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் எல்லை தாண்டிவிடலாம்.

அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். அதை நாங்கள் வீணாக்கினோம். தெருவில் ஒருவர், "தமிழ்நாட்டுப் பதிவு வண்டி, அங்கே போய்த்தான் புகார் கொடுக்கணும்" என்றார். நானும் தலையாட்டினேன். தவறு! புகாருக்கும் நம்பர் பிளேட்டுக்கும் சம்பந்தமில்லை. திருட்டு எங்கே நடந்ததோ அந்த ஸ்டேஷன்தான். அது எந்த எல்லை என்று குழப்பமாக இருந்தாலும் கவலை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். முதலில் 112-க்குப் போன் செய்யுங்கள், பிறகு ஸ்டேஷனுக்கு ஓடுங்கள். கடைக்காரர்களிடம் கேமரா பதிவை அன்றைக்கே கேளுங்கள். நாள் கடந்தால் அது தானாக அழிந்துவிடும்.

இன்னொரு அடி மறுநாள் விழுந்தது. "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று தைரியமாகத்தான் இருந்தான். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அவன் வாங்கியது அதோடு ஒரே ஒரு வருடத்துக்குச் சொந்தச் சேதக் காப்பீடு சேர்ந்த பாலிசி. திருட்டுக்குப் பணம் வருவது இந்த இரண்டாவதில்தான். அது முதல் வருடத்தோடு முடிந்திருக்கிறது, அவன் புதுப்பிக்கவில்லை. வண்டி போய்விட்டது, மாதத் தவணை மட்டும் போகவில்லை. கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைத்திருக்கிறான்.

தயவுசெய்து இன்று இரவே உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தேதி இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். மூன்று வயது தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். இரண்டு சாவியையும் கேட்பார்கள், இரண்டாவது சாவி எங்கே என்று இப்போதே தேடுங்கள். நிறுவனத்துக்கும் உடனே சொல்லிவிடுங்கள். போலீசில் உடனே பதிவாகியிருந்தால், தங்களுக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி நிறுவனம் மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"அவன்தான் பூட்டியிருக்கணும், நீங்க ஏன் வருத்தப்படறீங்க" என்று என் தம்பி கேட்டான். பூட்டத்தான் வந்தான், தடுத்தவன் நான். கல்யாண மண்டபம், கிளினிக், டியூஷன் சென்டர் நடத்தும் மாணவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு எழுத ஆகிற செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், சுவரோரம் ஒரு இரும்புக் குழாய் பதித்துவிடலாம். வருகிறவர்கள் சங்கிலி கட்ட ஒரு இடம் கிடைக்கும்.

என் வீட்டுத் திண்ணைத் தூணில் வெல்டிங்காரரை வைத்து இரண்டு இரும்பு வளையம் அடித்துவிட்டேன். சங்கிலியும் பூட்டும் ஜன்னலோரம் தொங்குகிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிவிட்டு உள்ளே வாருங்கள். கல்யாணம் ஆவணியில். பத்திரிகை வராதவர்கள் அவன் மேல் வருத்தப்படாமல் எனக்குப் போன் செய்யுங்கள், தேதியும் மண்டபமும் சொல்கிறேன்.