செவிக்குறையை அளப்பது எது?

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. நோவை அளக்கக் கருவி இல்லை. உடற்சூட்டைக் கருவி காட்டினால் எவரும் மறுப்பதில்லை. நோகின்றது என்று ஒருவர் உரைத்தாலோ, அவர் சொல்லையே நாம் நம்ப வேண்டியிருக்கின்றது. செவிக்குறை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதிற் கருவிக்கு அகப்படும் பகுதியும் உண்டு. அகப்படாத பகுதியும் உண்டு. அகப்படாத அப்பகுதியை நம் குடும்பங்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பதே என் கருத்து.

செவிப்புலனைச் சோதிப்போர் நோயாளியை ஓசை புகாத அறையில் இருத்துவர். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, அவருக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எதுவெனக் குறித்து ஒரு வரைபு தீட்டுவர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி 20 டெசிபெல் முதல் 35 வரை இலேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரம். உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஏதோ ஓரளவு செவிக்குறை உண்டென்றும், அவருள் 43 கோடிப் பேர்க்குச் சிகிச்சையோ துணைக்கருவியோ வேண்டுமென்றும் அவ்வறிக்கை கூறுகின்றது.

இவ்வரைபு இன்றியமையாதது. ஆயினும் அது காதின் கணக்கேயன்றி வாழ்வின் கணக்கன்று. மருதமுனையில் ஆயுளெல்லாம் தறியில் இருந்த முதியவர் ஒருவரையும், அவர் வயதினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் எண்ணிப் பாருங்கள். இருவர் வரைபும் ஒன்றே எனக் கொள்வோம். நெசவாளர், “எனக்கொரு குறையுமில்லை” என்பார். அவர் தொழில் கண்ணுக்கும் கைக்கும் உரியது, பேச்சு இரண்டாவது. ஆசிரியரோ, “என் வாழ்வே போயிற்று” என்பார். பிறர் சொற்கேட்டு மறுமொழி கூறுவதே அவர் நாள் முழுதும் செய்த தொழில். இவருள் பொய் சொல்பவர் எவருமிலர். குறை ஒன்றாயினும் இழப்பு வேறு.

தமிழ் படித்தோர்க்கு இதில் ஒரு விந்தையுண்டு. முதுமையில் முதலில் தேய்வது பெரும்பாலும் உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே. நம் உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த சுருதியில் இருத்தலின் அவை நெடுங்காலம் செவியில் நிற்கின்றன. க, ச, த, ப முதலியன கண நேரத்தில் மெல்லெனப் பிறந்து மறைவன. இலக்கணம் வல்லினம் என்ற அவ்வெழுத்துகளே மங்கிய செவிக்கு மெலிந்துபோகின்றன. கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். ஆகவேதான் முதியவர், “சத்தம் கேட்குது, சொல்தான் விளங்கல்ல” என்கின்றார். வீட்டாரோ, “வேண்டியது மட்டும் வாப்பாவுக்குக் கேட்கும்” என்று நகைக்கின்றனர். ஒலிபெருக்கியில் எழும் பாங்கோசை தெளிவாகக் கேட்பதால், தம் செவியில் குறையே இல்லையென நம்புவோரும் நம்மிடையே உளர்.

இனி, மனவியல்பின் பங்கு. அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்து றொபின் கொக்ஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் 1999இலும் 2007இலும் வெளியிட்ட ஆய்வுகள், கருவி அணிவோர் தம் நிலை குறித்துக் கூறும் மதிப்பீட்டில் அவரவர் இயல்புக்கும் பங்குண்டு எனக் காட்டின. இது நாம் கண்ணாற் காண்பதே. கவலை மிக்கவர் கேளாத ஒவ்வொரு சொல்லையும் தம்மைப் பற்றிய சொல்லென ஐயுறுவார். கலகலப்பானவர் நாணமின்றி, “இன்னொருக்காச் சொல்லுங்க” என்பார். ஒதுங்கி வாழ்பவருக்குக் கேட்க வேண்டிய பேச்சே குறைவாதலின் முறைப்பாடும் குறையும். “வயது போனால் இப்படித்தான்” என்று பொறுத்துப் பழகிய நம் தாய்மார், கேட்டாலன்றிக் கூறார்.

அப்படியாயின் வரைபை எறிந்துவிட்டு வாய்மொழியையே கொள்வதா எனச் சிலர் வினவலாம். அதுவும் தவறு. குறை மெல்ல மெல்ல வருதலின், உடையவரே அறியாதிருத்தல் உண்டு. காதில் அடைத்த அழுக்கோ, செவிப்பறையின் துவாரமோ வைத்தியர் கண்டாலன்றித் தெரியாது. எனவே வரைபும் வேண்டும், வாய்மொழியும் வேண்டும். இரண்டும் மாறுபடுமிடத்தில் ஒன்றைப் பொய்யென்னாது காரணம் தேடவும் வேண்டும். அத்தேட்டம் இல்லாமையாலேயே, பிள்ளைகள் பெரும்பணம் கொடுத்து வாங்கிய கருவி அலுமாரியில் உறங்குகின்றது. மூளை புதிய ஒலிகளுக்குப் பழகச் சில கிழமைகளாவது வேண்டும். பீங்கான் கோப்பையின் ஓசை முதல் நாள் இடிபோல் விழுகிறதென்று முதியவர் முறையிட்டால், அது பிடிவாதமன்று. கருவியைத் திருத்துவதற்கான குறிப்பு.

வாய்மொழியை முறையாகப் பெற வழியுண்டு. 1982இல் ஐரா வென்ட்ரி, பார்பரா வைன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், முதியோர்க்கென 25 வினாக்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டனர். ‘ஆம்’ என்றால் 4 புள்ளி, ‘சில வேளை’ என்றால் 2, ‘இல்லை’ என்றால் 0. ஆக மொத்தம் 100. செவிக்குறையால் மனம் புண்பட்டதா, உறவினரைக் காணச் செல்வது குறைந்ததா என்றெல்லாம் அது கேட்கின்றது. ஆனால் உணவு விடுதியில் நண்பரோடு உரையாடுவது பற்றிய வினா, நிந்தவூர் மூதாட்டிக்கு எவ்வாறு பொருந்தும்? “இல்லை” என்பார், அவர் விடுதிக்கே போனதில்லை. குறையில்லையெனப் புள்ளி மட்டும் பதிவாகும்.

இங்கேதான் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பணியுண்டு. வினாக்களை நம் வாழ்விலிருந்து, நம் பேச்சில் ஆக்க வேண்டும். ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் கதைக்கும்போது யார் என்ன சொன்னாரென விளங்குகிறதா? ஜும்ஆப் பிரசங்கத்தில் குரல் மட்டுமா, சொல்லும் கேட்கிறதா? கட்டாரிலிருந்து மகன் பேசினால் தொலைபேசியை மற்றவரிடம் கொடுத்து விடுகிறீர்களா? விளங்காமலே தலையசைத்துச் சிரித்ததுண்டா? இத்தகைய வினாக்களைச் செவிப்புலன் வல்லுநரோடு கூடியிருந்து சீர்செய்தால், அம்பாறைக் கரையோரத்து வைத்தியசாலைகள் எதற்கும் அவை பயன்படும்.

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் செவியால் நுகர்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். கேளிர் என்றால் உறவினர். செவி மங்கியவரிடம், “உங்களுக்கு எது கேட்கவில்லை, எங்கே, யாருடைய பேச்சு?” என்று முதலில் கேட்க வேண்டியவர் அவருடைய கேளிரே. அவ்வினாவுக்கு வரும் விடையை எழுதிக்கொண்டு, அதன்பின் அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.