கேரம் போர்டுக்கு மேலே எந்த சீலிங்?

திருச்சியிலிருந்து ஆறு மாதம் தங்குவதற்காக வந்த அந்தப் பெரியவருக்கு, மகன் வீட்டில் முதல் நாளே பிடித்துப்போன இடம் பேஸ்மென்ட். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசன் பக்கம், ஒரே தளம் கொண்ட மர வீடு அது. வீட்டின் அகல நீளத்துக்குக் கீழே அப்படியே ஒரு நிலவறை. கான்கிரீட் தரை, கான்கிரீட் சுவர். அண்ணாந்து பார்த்தால் மர உத்திரங்கள், நடுவில் ஓடும் தகர டக்ட், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கறுப்பும் மஞ்சளுமாக ஒயர்கள்.

மகனுக்கு அங்கே ஒரு விளையாட்டு அறை வேண்டும். பேரனுக்கு டேபிள் டென்னிஸ், தாத்தாவுக்கு கேரம், ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் புரொஜெக்டரில் சினிமா. தரைக்கு வினைல் பலகை என்று முடிவாகிவிட்டது. சுவருக்கு நிறமும் முடிவாகிவிட்டது. சீலிங்கில்தான் மூன்று வாரமாக வீட்டில் வழக்கு.

"மேலே மூடாம கறுப்பு பெயின்ட் அடிச்சிடலாம்ப்பா, காபி ஷாப் மாதிரி இருக்கும்" என்றான் பேரன்.

"வழுவழுன்னு டிரைவால் போட்டாத்தான் வீடு மாதிரி இருக்கும்" என்றார் மகன்.

மருமகளின் கவலை வேறு. அவர் மருத்துவமனையில் நர்ஸ். வாரத்தில் மூன்று இரவு வேலை. பகலில் தூங்கினால்தான் மறுநாள் இரவு ஊசி போடக் கை நடுங்காது. அவர் படுக்கும் அறை, டேபிள் டென்னிஸ் மேஜை வரப்போகும் இடத்துக்கு நேர் மேலே.

"ஏங்க, எதை வேணா போடுங்க. பகல்ல நான் தூங்க முடியணும். அவ்வளவுதான்."

சீலிங் என்பது கண்ணுக்கு அழகு சேர்க்கும் விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பேஸ்மென்ட்டில் அதற்கு அழகைவிடப் பெரிய வேலைகள் நான்கு உண்டு. தலை இடிக்காத உயரம், மேல்தளத்துக்குச் சத்தம் போகாமை, குழாயும் ஒயரும் பழுதானால் கை எட்டும் வசதி, தீப்பிடித்தால் கிடைக்கும் அவகாசம். இந்த நான்கையும் ஒரே சீலிங் முழுதாகத் தந்துவிடாது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

மூன்று வழிகள்

முதல் வழி, மூடாமல் விடுவது. உத்திரம், குழாய், டக்ட் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் ஸ்பிரே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பொருள் செலவு குறைவு. ஓர் அங்குலம் உயரம்கூடக் குறையாது. எந்தக் குழாயும் மறையாது. ஆனால், மேலே நாற்காலி இழுத்தால் கீழே கேட்கும். கீழே பந்து தட்டினால் மேலே கேட்கும். தூசியும் சிலந்தி வலையும் சேர்ந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடிக்கும் முன் புகை அலாரம், தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான், வால்வுக் கைப்பிடி ஆகியவற்றைக் கண்டிப்பாக மூடி வைக்க வேண்டும். தெளிப்பான் மீது பெயின்ட் படிந்தால் தீயின்போது அது சரியாக வேலை செய்யாது.

இரண்டாவது, டிரைவால். நம் ஊரில் ஜிப்சம் போர்டு என்போம். 4 அடிக்கு 8 அடிப் பலகைகளை உத்திரத்தில் திருகி, இணைப்புகளில் டேப் ஒட்டி, பூச்சு பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பார்கள். அரை அங்குலம், 5/8 அங்குலம், இவை இரண்டும் வழக்கமான கனங்கள். உயரம் குறைவது ஓர் அங்குலத்துக்கும் கீழே. பார்வைக்கு மேல்தள அறை மாதிரியே இருக்கும். ஜிப்சத்துக்குள் நீர் வேதியியல் முறையில் பிணைந்திருப்பதால், தீயின் சூட்டில் அந்த நீர் ஆவியாகிச் சிறிது நேரம் மரத்தைக் காக்கும். குறை என்ன? உள்ளே ஒரு குழாய் ஒழுகினால் வெட்டித் திறக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இருக்க மொத்த சீலிங்குக்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும்.

மூன்றாவது, தொங்கு சீலிங். அலுவலகங்களில் பார்ப்பதுதான். உத்திரத்திலிருந்து கம்பியில் தொங்கும் உலோகச் சட்டத்தில் 2 அடிக்கு 2 அடி, அல்லது 2 அடிக்கு 4 அடி ஓடுகள் உட்கார்ந்திருக்கும். எந்த ஓட்டையும் கையால் தூக்கி உள்ளே பார்க்கலாம். கறை படிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால், ஓட்டைச் சாய்த்து உள்ளே செலுத்த 3 முதல் 4 அங்குல இடைவெளி வேண்டும். ஈரப்பதம் அதிகமான பேஸ்மென்ட்டில் மலிவான ஓடுகள் நாளடைவில் தொய்ந்துபோகும். பில்லியர்ட்ஸ் குச்சியின் முனை பட்டால் உடையும்.

டேப் எடுத்து அளந்தபோது

பெரியவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சை நிறுத்திவிட்டு டேப்பைக் கேட்டு வாங்கினார்.

தரையிலிருந்து உத்திரத்தின் அடி வரை 7 அடி 6 அங்குலம். நடுவில் ஓடும் டக்ட் 8 அங்குலம் கீழே இறங்குகிறது. ஆக, டக்டின் அடியில் 6 அடி 10 அங்குலம்தான்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் புழங்கும் அறைக்கு 7 அடி உயரம் கேட்கிறது. பேஸ்மென்ட்டில் டக்ட், உத்திரம் போன்றவை மட்டும் 6 அடி 4 அங்குலம் வரை இறங்கலாம். பழைய வீடுகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தளர்வு உண்டு என்பதால், உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இப்போது கணக்கு எளிது. டக்டுக்கும் கீழே அறை முழுக்கத் தொங்கு சீலிங் போட்டால் மிஞ்சுவது சுமார் ஆறரை அடி. விதிக்கும் ஆகாது, பேரன் வளர்ந்தால் தலைக்கும் ஆகாது. டக்டை மட்டும் தனியாகப் பெட்டி கட்டி மூடிவிட்டு, மற்ற இடத்தில் உத்திரத்தை ஒட்டித் தொங்கு சீலிங் போட்டால் 7 அடி 2 அங்குலம் கிடைக்கும். தரையில் வினைல் பலகைக்கு அரை அங்குலம் போனாலும் பழுதில்லை. டிரைவால் என்றால் இன்னும் 2, 3 அங்குலம் கூடும்.

எந்த சீலிங் என்று கடையில் போய்ப் பார்ப்பதற்கு முன்னால், அறையின் மிகத் தாழ்வான புள்ளி எது என்று அளப்பதே முதல் வேலை. பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

சத்தத்தைத் தடுப்பது எது?

அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒன்று. மேல்தளத்துக்குச் சத்தம் ஏறாமல் தடுப்பது இன்னொன்று. கடையில் ஓடு வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். மிருதுவான ஓடு எதிரொலியை உறிஞ்சும். கீழே பேசுவது தெளிவாகக் கேட்கும். அதே ஓடு மெலிதாக, எடை குறைவாக இருந்தால் சத்தம் அதைத் தாண்டி மேலே போய்விடும். தடுப்பதற்கு எடை வேண்டும், இடைவெளியில்லாத மூடல் வேண்டும், உத்திரத்தை நேரடியாகத் தொடாத அமைப்பு வேண்டும்.

அதற்கான வழக்கமான முறை இது. உத்திரங்களுக்கு இடையே கனிமக் கம்பளி அடைப்பது. உத்திரங்களுக்குக் குறுக்கே ரெசிலியன்ட் சேனல் என்ற மெல்லிய உலோகப் பட்டையை அடிப்பது. டிரைவாலை அந்தப் பட்டையில் மட்டும் திருகுவது. பட்டை ஸ்பிரிங் போல அதிர்வை வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் நீளமான திருகு ஒன்று உத்திரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் அதிர்வுக்குப் பாலம் போட்ட மாதிரி. செலவழித்ததில் பெரும்பகுதி வீண்.

விளக்குக்காகப் போடும் ஒவ்வொரு வட்ட ஓட்டையும் சத்தத்துக்கு ஒரு ஜன்னல். ஓரங்களைச் சத்தத் தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும். இவ்வளவு செய்துவிட்டு, படிக்கட்டு உச்சியில் கதவு இல்லாமல் விட்டால் சத்தம் படியேறி வந்துவிடும். கனமான கதவும் அதன் அடியில் ஒரு ரப்பர் பட்டையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு மகன் முடிவெடுத்தார். அறை முழுக்க டிரைவால், உள்ளே கம்பளி, சேனல். மனைவிக்குத் தூக்கம், தனக்கு வழுவழுப்பு. பலகைக்கு ஆர்டர் கொடுக்கப் போனைக் கையில் எடுத்தார்.

டார்ச் வெளிச்சத்தில்

அன்று மாலை பெரியவர் டார்ச்சும் கையுமாகக் கீழே நடந்துகொண்டிருந்தார். சமையலறைக்கு நேர் கீழே வந்ததும் நின்றார். பிளைவுட்டில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வளையம். உத்திரத்தின் பக்கவாட்டில் ஒழுகிக் காய்ந்த கோடு. விரல் வைத்துப் பார்த்தார். ஈரம்.

"தம்பி, இங்க வா. இதுக்கு மேல என்ன இருக்கு?"

"சிங்க்குப்பா."

"எத்தனை நாளா ஒழுகுதோ. இதை மூடிட்டா அப்புறம் எப்படிப் பார்ப்பே?"

மகனிடம் பதில் இல்லை. பிளம்பர் வந்து பார்த்தார். சிங்க்குக்கு அடியில், கழிவுக் குழாய் இணைப்பில் வாஷர் தளர்ந்திருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. கவனிக்காமல் டிரைவால் போட்டு மூடியிருந்தால், சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் கம்பளியில் ஊறி, பலகையின் காகிதத்தில் பூஞ்சை பிடித்து, மரம் மெத்தென்று ஆன பிறகுதான் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு பெரியவர் ஒரு காகிதத்தில் வீட்டின் மேல்தள வரைபடத்தைப் போட்டார். எந்த அறைக்குக் கீழே எது வருகிறது என்று குறித்தார். விடை தானாக வந்தது.

படுக்கையறைக்குக் கீழே குழாய் எதுவும் இல்லை. அங்கே கம்பளி, சேனல், 5/8 அங்குல டிரைவால். சமையலறை, குளியலறைக்குக் கீழே தொங்கு சீலிங். அதற்கு மேலேயும் கம்பளி. டக்டுக்கு டிரைவால் பெட்டி. அது அறையை இரண்டாகப் பிரிப்பதால், இரு வகை சீலிங் சந்திக்கும் கோடும் மறைந்துவிடுகிறது. ஃபர்னஸ் இருக்கும் மூலை தனி. எரிவதற்கான காற்று அதற்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், எங்கும் அடைக்காமல் திறந்தபடி. மேஜையையும் கொஞ்சம் நகர்த்தினார்கள். டேபிள் டென்னிஸ் சமையலறைக்குக் கீழே போனது, சத்தமில்லாத கேரம் படுக்கையறைக்குக் கீழே வந்தது.

"இது எனக்கு முன்னாடியே தோணலையே மாமா" என்றார் மருமகள். மேஜையை நகர்த்த ஒரு டாலரும் செலவாகவில்லை.

மூடும் முன் ஒரு நடை

பேஸ்மென்ட்டை முடிக்கப்போகும் யாருக்கும் இந்தக் குடும்பத்தின் பட்டியல் உதவும்.

• குளியலறை, சிங்க், வாஷிங் மெஷின் மூன்றிலும் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மழைக்காலமாவது சுவரில் ஈரம் வராததை உறுதி செய்த பிறகே மூடுங்கள்.

• தண்ணீர் வால்வு, கழிவுக் குழாய் மூடி, ஒயர் இணைப்புப் பெட்டி எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். இணைப்புப் பெட்டியை நிரந்தரமாக மூடுவதை மின்விதி அனுமதிப்பதில்லை. டிரைவாலுக்குள் வந்தால் சிறு கதவு வைக்க வேண்டும்.

• மூடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் டேப்பை நீட்டிவைத்து எடுத்தால், பின்னாளில் எங்கே துளையிடலாம் என்று தெரியும்.

• பெர்மிட் வாங்கி, ஒயரிங்கையும் பிளம்பிங்கையும் அதிகாரி பார்த்த பிறகே மூடுங்கள். முந்திக்கொண்டால் பிரிக்கச் சொல்வார்கள்.

• புரொஜெக்டர், தொங்கும் விளக்கு ஆகியவற்றின் எடை உத்திரத்தில்தான் தாங்க வேண்டும். தொங்கு சீலிங்கின் ஓட்டில் மாட்டக் கூடாது.

• மிகப் பழைய வீடு என்றால் குழாயைச் சுற்றிய வெள்ளை உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதிக்கும் வரை தொடாதீர்கள்.

• ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே படுக்கவைக்கும் எண்ணம் இருந்தால், சீலிங்கோடு விஷயம் முடியாது. ஆபத்தில் வெளியேறும் அளவுக்குப் பெரிய ஜன்னலும், புகை மற்றும் கார்பன் மோனாக்சைடு அலாரங்களும் கட்டாயம்.

வேலை முடிந்த பிறகு கேரம் போர்டுக்கு மேலே ஒரு விளக்கு தொங்கியது. ஊர் கிளப்பில் இருந்த மாதிரியே குடை வைத்த விளக்கு. டிரைவால் அடிப்பதற்கு முன்பே அதற்கென்று இரு உத்திரங்களுக்கு நடுவே ஒரு கட்டையை அடித்துவைக்கச் சொல்லியிருந்தார் பெரியவர்.

முதல் ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல். சிவப்புக் காயைப் போட்டதும் பேரன் கத்தப் போனான். தாத்தா விரலை உதட்டில் வைத்தார்.

மாலை நான்கரைக்கு மருமகள் இறங்கி வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு விளையாடவே இல்லையா?"