"இது" என்றால் எது?

டெங்குக் காய்ச்சலால் நான் வீட்டில் கிடந்த வாரத்தில்தான் மாலை வகுப்பில் இதயம் பற்றிய பாடம் நடந்தது. தோழி ஒருத்தி டீச்சரிடம் அனுமதி கேட்டு, பாடம் முழுவதையும் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தாள். ஒரு செயலி அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சை எழுத்தாக்கி, ஒரே பக்கத்தில் சுருக்கித் தந்தது. பிழையில்லாத தமிழ். அதையே மனனம் செய்தேன்.

தவணைப் பரீட்சையில் படத்தின் வலப்பக்கத்தில் வலது சோணையறை, வலது இதயவறை என்று பெயரிட்டேன். எல்லாம் பக்கம் மாறிப்போயிற்று. இதயப் படம் நம்மைப் பார்த்து நிற்கும் ஒருவருடையது. அவருடைய வலது நமக்கு இடப்பக்கம். இதை டீச்சர் சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறார். தன் நெஞ்சில் கைவைத்து, "பாருங்க, என்ட வலது இது. அப்ப படத்துல இதுதான் இது" என்று காட்டியிருக்கிறார். வகுப்பிலிருந்த எல்லோருக்கும் விளங்கியது. செயலிக்குக் கிடைத்ததோ மூன்று "இது" மட்டும். அந்த வசனத்தையே அது விட்டுவிட்டது.

ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜேக்கப் ஐசன்ஸ்டைனும் அவருடன் சேர்ந்தவர்களும், இயந்திரப் பொருட்கள் இயங்கும் விதத்தை விளக்குவோரின் கையசைவுகளைக் கணினியால் ஆராய்ந்தார்கள். ஒரே விடயம் தொடரும்வரை கைகள் ஒத்த விதமாக அசைகின்றன. விடயம் மாறினால் அசைவும் மாறுகிறது. பேச்சின் எழுத்தோடு இதையும் சேர்த்தபோது, பேச்சு எங்கே பிரிகிறது என்பதைக் கணினி கூடுதலாகக் கண்டுபிடித்தது. இது 2008இல். அதற்கு முந்திய ஆண்டு, முக்கியமான கையசைவுக் காட்சிகளைத் தெரிந்தெடுத்து, விளக்கத்தைச் சித்திரக்கதை போலவே ஆக்கிக் காட்டினார்கள். நான் நம்பியிருந்த செயலிக்குக் காது மட்டுமே இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. டீச்சர் ஒரு விடயத்தை மூன்று தரம் சொன்னால் அது பரீட்சைக்கு வரும் என்று நமக்குத் தெரியும். சுருக்கம் அதை ஒரு தரமாக்கிவிடுகிறது.

"சுருக்கம் வருதுதானே, வகுப்புக்கு ஏன்?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைக்கு அது உதவிதான், எனக்கும் உதவியது. ஆனால் அதோடு தோழியின் கொப்பியையும் வாங்கியிருந்தால், அவள் வரைந்த அம்புக்குறிகள் என்னைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போது அவள் பலகையையும் படம் எடுத்து அனுப்புகிறாள். டீச்சரும் நினைவு வந்தால், "இது, வலது சோணையறை" என்று பெயரையும் சேர்த்தே சொல்கிறார்.