வரம்பு கடந்த அடுக்கு: திக்கலும் நிகழ்த்துகையின் காலமும்

2020 சனவரி முதல் நாளன்று, நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் ஆண்டுதோறும் நிகழும் நெடிய கவிதை வாசிப்பில் ஜெரோம் எல்லிஸ் மேடையேறினார். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் என்பது அங்கே விதி. எல்லிஸ் கவிஞர், இசைஞர், திக்குபவர். சொல் தொண்டையில் அடைபட்டு ஒலியற்று நிற்கும் வகைத் திக்கல் அவருடையது. அவர் அந்த நேர விதியையே பாடுபொருளாகக் கொண்டு, அறிந்தே அதனை மீறினார். எல்லார்க்கும் ஒரே அளவு நேரம் என்னும் விதி, எல்லாரும் ஒரே விரைவில் பேசுவர் என முன்னரே முடிவுசெய்து விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

திக்கலைப் படைப்பாற்றலோடு இணைத்துப் பேசுவது திறனாய்வுக்குப் புதிதன்று. பிரெஞ்சு மெய்யியலாளர் டெலூஸ், 1993இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள கட்டுரையொன்றில், பேச்சில் திக்குவதையும் மொழியையே திக்கவைப்பதையும் வேறுபடுத்தினார். பிந்தையதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒருவர், புக்காரெஸ்டில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய கெராசிம் லூக்கா. அசைகளை உடைத்தும் மீட்டும் ஒரு சொல்லிலிருந்து மறுசொல்லைப் பிறப்பிக்கும் அவர் கவிதைகளுக்கு டெலூஸின் விளக்கம் நன்கு பொருந்துகிறது. ஆயினும் அவ்விளக்கத்தில் திக்கல் உருவகமாகி விடுகிறது; உண்மையில் திக்கும் நாவுக்கு அங்கே இடமில்லை. கனடியக் கவிஞர் ஜோர்டன் ஸ்காட் 2008இல் வெளியிட்ட ‘பிளெர்ட்’ இதற்கு நேர்மாறானது. தம் வாய்க்கு மிகக் கடினமான ஒலிச்சேர்க்கைகளையே தேர்ந்து அவர் அக்கவிதைகளை யாத்தார். அங்கே யாப்பை முடிவுசெய்வது உடல்.

இசையின் நிலை சற்றுச் சிக்கலானது. பாடும்போது பெரும்பாலோர்க்குத் திக்கல் மறைந்துவிடுகிறது. எனவே திக்கலையும் இசையையும் பற்றிய கதைகள் பெரும்பாலும் விடுதலைக் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் பேச்சுப் பெற்றுக் கலிவெண்பாப் பாடினார் என்னும் வரலாற்றை அறிந்த தமிழுலகுக்கு இக்கதையமைப்பு மிகப் பழகியது. தடை நீங்கிய பின்னரே பாட்டு. ஆல்வின் லூசியே 1969இல் படைத்த ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ மேற்பார்வைக்கு அவ்வகையினதே. தம் பேச்சை அறையொன்றில் பதிந்து, ஒலிக்கவிட்டு, மீண்டும் மீண்டும் பதிகிறார். சொற்கள் கரைந்து, அறையின் ஒத்ததிர்வுகள் மட்டும் எஞ்சுகின்றன. தம் பேச்சின் ஒழுங்கின்மைகளைச் சமன்செய்வதும் நோக்கம் என்று அப்படைப்பிலேயே அறிவிக்கிறார் திக்குபவரான லூசியே. ஆனால் சொல் அழிந்த பின்னும் அந்தப் பேச்சின் தாளம் அழிவதில்லை; திக்கலும் அத்தாளத்தின் ஒரு கூறு. அழிக்க எடுத்தது அடித்தளமாகிவிட்டது.

எல்லிஸ் இன்னும் ஓரடி முன்செல்கிறார். 2021இல் நூலாகவும் இசைத்தொகுப்பாகவும் வெளிவந்த ‘தி கிளியரிங்’ என்பதில் திக்கலின் மௌனத்தைக் காட்டிடை வெட்டவெளியாகக் காண்கிறார். அம்மௌனங்களை அவர் வெட்டி நீக்கவில்லை. இசை அவற்றைச் சூழ்ந்து நிற்கிறது. தப்பியோடிய கறுப்பின அடிமைகளைப் பிடித்துத்தரக் கோரிய 18ஆம் நூற்றாண்டு விளம்பரங்களில் திக்கல் ஓர் அங்க அடையாளமாகக் குறிக்கப்பட்டதையும் அவர் தம் படைப்புகளில் எடுத்தாள்கிறார். ஆளைப் பிடிக்கப் பயன்பட்ட குறி, அவர் கையில் ஆளை நினைக்கும் குறியாகிறது.

இவற்றை விளக்கத் தமிழ் ஆய்வாளர் மருத்துவச் சொற்களை மட்டும் நம்பியிருக்க வேண்டுவதில்லை. திக்கல் மூவகையாய் நிகழும்: ஒலி மீள்தல், நீள்தல், அடைபடுதல். நீட்சியைப் பொறுத்தவரை, உயிர் தன் அளவு கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டு ஒலித்தலும் இசை மரபில் உண்டு என நூன்மரபின் இறுதி நூற்பா ஏற்றுக்கொள்கிறது. அடுக்குக்கோ எச்சவியல் வரம்பு கட்டுகிறது: இசைநிறைக்கு நான்கு, விரைவுக்கு மூன்று. எல்லிஸ் தம் பெயரை அச்சிடும்போது முதலெழுத்தை ஐந்து முறை இடுகிறார் என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அடுக்கு சொல்லுக்குரியது, எழுத்துக்குரியதன்று என்ற மறுப்பு நியாயமானதே. அதனினும் வலிய மறுப்பு, அடுக்கும் அளபெடையும் புலவன் வேண்டிச் செய்பவை, திக்கல் வேண்டாமல் வருவது என்பது. எனவே திக்கலை அளபெடை என்று பெயரிடுவது பிழையாகும். ஆனால் அளவு கடந்த ஒலியைக் குறையாகக் கொள்ளாமல், அதற்குரிய களத்தைச் சுட்டிய இலக்கணப் பார்வை இங்குப் பெரிதும் துணைசெய்யும். திக்கலை வழுவமைதியாகப் பொறுத்துக்கொள்வது வேறு, இசையாகக் கேட்பது வேறு. மூன்றாம் வகையான அடைப்புக்கு மாத்திரைக் கணக்கில் இடமில்லை. தாளத்தில் வரும் கார்வை அதற்கு அணுக்கமானது. ஆனால் கார்வை எண்ணப்படுகிறது, அடைப்பு எப்போது முடியும் என்பதைத் திக்குபவரும் அறியார்.

ஆசுகவியை நால்வகைக் கவிகளுள் ஒன்றாகப் போற்றிய மரபு, தடையற்ற நாவைப் புலமையின் அளவுகோலாக இன்றும் வைத்திருக்கிறது. செய்யுள் ஒப்புவித்தல் முதல் பட்டிமன்றம் வரை அதுவே நிலை. கருத்தரங்கில் கட்டுரைக்குப் பத்து நிமிடம், பிறகு மணி. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் விடை தாமதித்தால் அறியாமை என்றே பெரும்பாலும் கருதப்படும். எழுத்தில் எவ்வளவு நுட்பமிருந்தாலும், திக்கும் ஆய்வாளர் கட்டுரையின் பாதியில் இறங்க நேர்கிறது. அல்லது வேறொருவர் எழுந்து அதனைப் படித்து முடிக்கிறார். திக்குபவருக்குக் கூடுதல் நேரம் என்னும் ஒரு வரியைக் கருத்தரங்க அழைப்பிதழிலும் தேர்வு நெறிமுறையிலும் சேர்ப்பது துறைகளால் இயலாத செயலன்று.