ஸ்டார்ட்டர் பெட்டி வாயை மூடிய கதை

போன வாரம் வாஷிங் மெஷின் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பு வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: 'மெஷினுக்குள்ள புரோகிராம் ஓடுதுன்னு சொல்றீங்க அங்கிள். அதுக்கு ஸ்க்ரீனும் இல்ல, கீபோர்டும் இல்ல. உள்ள தப்பு நடந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?'

சூப்பர் கேள்வி. பதில் ரொம்ப சிம்பிள். அதைப் பேச வைப்போம்!

வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், வைஃபை ரவுட்டர் என்று வீட்டில் இருக்கும் பாதிப் பொருட்களுக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடும் புரோகிராம் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டிருக்கும். எழுதுகிற இன்ஜினீயர், நடுநடுவே சில வரிகளைச் செருகி வைப்பார். 'வால்வு திறந்தாச்சு', 'சூடு 41', 'மோட்டார் கிளம்பியாச்சு' என்று சிப் தன் வேலைக்கு நடுவே முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்பு மெல்லிய ஒயர் வழியாக இன்ஜினீயரின் லேப்டாப்பில் வரி வரியாக ஓடும். இதற்குத்தான் டீபக் மெசேஜ் என்று பெயர்.

வீடு கட்டும்போது சாரம் கட்டுவோம் இல்லையா, அதுமாதிரிதான். பூச்சு முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். சவுக்குக் கம்போடு யாரும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். ஆனால், எந்தக் கம்பு வெறும் சாரம், எந்தக் கம்பு சன்ஷேடைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்காமல் உருவினால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும். நானே உருவியிருக்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. தோட்டத்து மோட்டாரை செல்போனிலிருந்தே ஓட வைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி செய்துகொண்டிருந்தோம். விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வரும். பாம்பு, பூச்சி என்று பயந்துகொண்டே டார்ச் லைட்டோடு போக வேண்டாம். வீட்டில் படுத்தபடியே போன் போட்டால் மோட்டார் ஓடும். அருமையான பொருள்.

பெட்டி ரெடி. அனுப்புவதற்கு முன்னால் 'அந்த டீபக் மெசேஜை எல்லாம் தூக்கிடுப்பா' என்றார் முதலாளி. சி மொழியில் இது ஒரு நிமிஷ வேலை. மெசேஜ் வரிகளை எல்லாம் ஒரே சுவிட்சின் கீழ் கொண்டுவந்துவிடலாம். சுவிட்சை அணைத்துவிட்டு புரோகிராமைத் திரும்பத் தயாரித்தால், அந்த வரிகள் சிப்புக்குள் போகவே போகாது. அணைத்தேன். டேபிளில் ஒரு பல்பை மாட்டி டெஸ்ட் செய்தேன். எரிந்தது. அனுப்பிவிட்டோம்.

இரண்டு வாரத்தில் போன் வர ஆரம்பித்தது. சில தோட்டங்களில் நன்றாக ஓடுகிறது. சில தோட்டங்களில் 'டக்' என்று சத்தம் வருகிறது, உடனே நின்றுவிடுகிறது. அதுவும் லோ வோல்டேஜ் நேரத்தில் மட்டும். பல்லடம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருந்த ஒரு பெரியவர் பேசினார். 'ஏனுங் தம்பி, மோட்டாரு நிக்கிறப்பல்லாம் போனுக்கு ஏதோ ஏழாம் நெம்பர்னு மெசேஜ் வருதுங்க. அதுக்கு என்னங்க அர்த்தம்?'

ஏழாம் நம்பருக்கு எங்கள் பட்டியலில் 'லோடு இல்லை' என்று அர்த்தம். அதாவது, மோட்டாருக்குள் கரண்ட் பாயவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஊர் மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார். 'அப்ப மோட்டார் காயில் போயிருக்கும்' என்று மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். ஆள் வைத்து, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, போர்வெல்லுக்குள் இருந்த மோட்டாரை மேலே தூக்கிவிட்டார்கள். மோட்டார் நன்றாக இருந்தது. தூக்கிய கூலி, திரும்ப இறக்கிய கூலி, நடுவில் தண்ணீர் பாயாத நாட்கள்... வெங்காயம் தாங்குமா?

நான் பஸ் ஏறிப் போனேன். லேப்டாப்பை மாட்டினேன். என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் சுவிட்சைப் போட்டு, டீபக் மெசேஜை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது! மெசேஜை எடுத்தால் நிற்கிறது, போட்டால் ஓடுகிறது. பெரியவர் என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

காரணம் புரிய மறுநாள் மதியம் ஆனது. போன் வந்ததும் எங்கள் சிப் முதலில் ஒரு சின்ன ரிலேவைத் தட்டும். அந்த ரிலே, ஸ்டார்ட்டரில் இருக்கும் பெரிய காண்டாக்டரை இழுக்கும். காண்டாக்டர் ஒட்டினால்தான் மோட்டாருக்குக் கரண்ட். ரிலேவைத் தட்டிய அடுத்த வரியில், '...தட்டியாச்சு' என்று நான் ஒரு நீள மெசேஜ் வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன், 48 எழுத்து. அந்த ஒயரில் நாங்கள் வைத்திருந்த வேகத்துக்கு விநாடிக்கு 960 எழுத்துதான் போகும். அப்படியானால் 48 எழுத்து போய்ச் சேர 50 மில்லி விநாடி. அதுவரை சிப் வேறு வேலை பார்க்காமல் காத்திருக்கும். அதற்குள் காண்டாக்டர் நிதானமாக ஒட்டிவிடும். அதன்பிறகு சிப் கரண்டை அளந்து பார்க்கும். எல்லாம் சரியாக இருக்கும்.

மெசேஜை எடுத்ததும் அந்த 50 மில்லி விநாடியும் போய்விட்டது. ரிலேவைத் தட்டிய கையோடு, அடுத்த 40 மில்லி விநாடிக்குள் சிப் கரண்டை அளந்து முடித்துவிடுகிறது. வோல்டேஜ் நன்றாக இருந்தால் காண்டாக்டர் அதற்குள் ஒட்டிவிடும். லோ வோல்டேஜில் சோம்பலாகத்தான் ஒட்டும். சிப் பார்க்கும்போது கரண்ட் பூஜ்யம். 'லோடு இல்லை, நிறுத்து!' டேபிளில் நான் மாட்டிய பல்புக்குக் காண்டாக்டரே கிடையாது. அதனால் டெஸ்ட்டில் சிக்கவில்லை.

என் சன்ஷேடைத் தாங்கிக்கொண்டு நின்ற கம்பு, அந்த 48 எழுத்து.

சரிசெய்வது சுலபம். 'காண்டாக்டர் ஒட்டும்வரை காத்திரு' என்று வெளிப்படையாக ஒரு வரி எழுத வேண்டும். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. மெசேஜ் செய்த உபகாரத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஊர் திரும்பியதும் புரோகிராமில் இருந்த மெசேஜை எல்லாம் பிரின்ட் எடுத்தேன். 214 இருந்தன. படித்தால் சிரிப்பு வந்தது. 'வந்துட்டேன்', 'வந்துட்டேன் 2', 'இங்கேயா?' என்பதெல்லாம் என்னுடையவை. 'ஐயோ' என்று ஒன்று. அது பக்கத்து சீட் நண்பர் எழுதியது. எந்த இடத்தில், ஏன் எழுதினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஒரு வரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மோட்டாரை ஓட வைக்கும் ரகசிய நம்பரை அப்படியே எழுத்தாகக் காட்டும் மெசேஜ் அது. சுவிட்ச் போட்ட நிலையில் பெட்டி வெளியே போயிருந்தால், மூடியைத் திறந்து ஒயரை மாட்டத் தெரிந்த எவரும் அந்த நம்பரைப் படித்திருக்கலாம்.

முதல் தடவை நான் செய்தது, எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் எடுத்து, 'இது யாருக்கு?' என்று கேட்டேன். முக்கால்வாசி யாருக்கும் இல்லை, குப்பை. கொஞ்சம் எனக்கு, அவை ஆபீசில் மட்டும் பேசட்டும். இருபது சொச்சம் மெக்கானிக்குக்கு. அவற்றை வாக்கியமாக அனுப்பாமல், நம்பரும் நேரமுமாகச் சிப்பின் நினைவகத்திலேயே எழுதி வைத்தோம். கடைசி 32 சம்பவங்கள் மட்டும். முப்பத்து மூன்றாவது வந்தால் முதலாவது அழியும். எழுத நேரமும் பிடிக்காது, இடமும் பிடிக்காது. மீதி ஐந்தாறு, தோட்டக்காரருக்கு.

கேட்ட வாசகி ஸ்கூலில் ஆர்டுயினோ செய்பவராக இருந்தால் ஒரு கணக்கு. ஆர்டுயினோ ஊனோவில் புரோகிராமுக்கு 32 கிலோபைட் இடம். ஆனால், ஓடும்போது பயன்படும் நினைவகம் வெறும் 2 கிலோபைட், அதாவது 2,048 எழுத்து. நீங்கள் சாதாரணமாக எழுதும் மெசேஜ் ஒவ்வொன்றும் அந்த 2 கிலோபைட்டில்தான் வந்து உட்காரும். 40 எழுத்தில் 50 வெவ்வேறு மெசேஜ் வைத்தால், ஒவ்வொன்றின் முடிவுக்கும் ஒரு பைட் சேர்த்து 2,050. தீர்ந்தது! 'நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஏன் ஓடல?' என்று அழுவதற்கு முன்னால் மெசேஜை எண்ணிப் பாருங்கள்.

'அப்ப எல்லாத்தையும் தூக்கிட்டா நிம்மதிதானே' என்று யாராவது சொன்னால், நான் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்விடுவேன்.

1997 ஜூலை 4. நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சோஜர்னர் என்ற குட்டி வண்டியையும் கொண்டுபோயிருந்தது. படங்கள் வர ஆரம்பித்த சில நாட்களிலேயே, கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்டிக்கு எந்த மெக்கானிக்கை அனுப்ப முடியும்? நல்லவேளையாக, சோதனைக்காக வைத்திருந்த பதிவு வசதிகளை நாசா இன்ஜினீயர்கள் பிடுங்கி எறியவில்லை. சோதித்த அதே புரோகிராம்தான் பறக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பூமியில் இருந்த நகல் கம்ப்யூட்டரில் அதே பதிவு வசதியை ஓடவிட்டு, கோளாறை மறுபடி வரவைத்துப் பிடித்தார்கள். அவசர வேலை ஒன்று, அவசரமில்லாத வேலை ஒன்றின் பின்னால் வரிசையில் சிக்கிக்கொண்டிருந்தது. அதைத் தவிர்க்கும் வசதி அந்த புரோகிராமில் இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் போடும் திருத்தத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவைத்தாலும் ஆபத்துதான். 2021-ல் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி நினைவகச் சிப் இருந்தது. இந்த வகைச் சிப்பில் இத்தனை தடவைதான் எழுதி அழிக்க முடியும் என்று ஆயுள் உண்டு. கார் ஓட ஓட எழுதி எழுதியே அது தேய்ந்தது. புரோகிராம் ஓயாமல் பதிவுகளை எழுதித் தள்ளியதும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள், வெளியே பழுது பார்த்தவர்கள். சிப் போனால் திரை போகும். பின்பக்க கேமராவும் தெரியாது.

பல்லடத்துப் பெரியவர் கதைக்கு வருகிறேன். மோட்டாரைத் தூக்கி இறக்கிய கூலியைக் கம்பெனி கொடுத்தது. வெங்காயத்துக்கு யாராலும் எதுவும் கொடுக்க முடியவில்லை. ஆனால், 'ஏழாம் நம்பர்' விஷயத்தை எனக்கு அப்படியே விட மனசு வரவில்லை. மெசேஜாக அனுப்பலாம் என்றால், அவரிடம் இருந்தது பட்டன் போன். தமிழ் எழுத்து வராது. அதனால் நம்பரை எடுத்துவிட்டுக் குரலாக வைத்தோம். மோட்டார் நின்றால் பெட்டியே போன் செய்து, 'மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. முதலில் ஸ்டார்ட்டரையும் ஒயரையும் பாருங்கள். மோட்டாரைத் தூக்க வேண்டாம்' என்று சொல்லும். ஸ்டுடியோவுக்கு எல்லாம் காசு ஏது? பக்கத்து சீட் நண்பரின் மனைவி, சமையலுக்கு நடுவில் செல்போனில் பேசிக் கொடுத்தார்.

புதுப் பெட்டி மாட்டி மூன்று மாதம் கழித்து அவரே கூப்பிட்டார்.

'சொல்லுங்கய்யா, மோட்டார் ஓடுதுங்களா?'

'ஓடுதுங் தம்பி. நேத்து ராத்திரி எலி ஒயரைக் கடிச்சுப்போட்டுது. பொட்டி கூப்புட்டுச் சொல்லுச்சு, போய்ப் பார்த்தேன், அதேதான். வயர்மேனே வேண்டியதில்லைங்க, நானே முறுக்கி டேப்பு சுத்திட்டேன்.'

'கரண்டை ஆஃப் பண்ணிட்டுத்தானே சுத்துனீங்க?'

'அட, அதெல்லாம் பண்ணியாச்சுங்க. ஆனா, ஊட்டுல ஒரு பிரச்னைங் தம்பி. நடுச்சாமத்துல ஒரு பொம்பளப் புள்ள போன் பண்ணுதுன்னு அம்மிணி ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. நீங்களே ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லிப்போடுங்க.'

போனை அம்மாவிடம் கொடுத்தார். பத்து நிமிஷம் ஆனது, அவரை நம்பவைக்க.